லோகோவைக் கையால் மறைத்துப் பார்த்தால்

வாசகர் கேள்வி: "ஒரு கல்லூரியின் மக்கள் தொடர்புப் பிரிவில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. அடுத்த ஆண்டு மாணவர் சேர்க்கைக்கான ப்ராஸ்பெக்டஸ், இணையதளம் இரண்டுக்கும் புதிதாகப் படம் எடுக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து ஒரு புகைப்படக்காரர், இரண்டு நாள், அவ்வளவுதான் ஒதுக்கீடு. தொடங்கும் முன் மற்ற கல்லூரிகளின் ப்ராஸ்பெக்டஸ் பத்துப் பன்னிரண்டை வரவழைத்து மேசையில் பரப்பிப் பார்த்தேன். லோகோவைக் கையால் மறைத்தால் எது எந்தக் கல்லூரி என்றே தெரியவில்லை, எங்களுடையதும் அப்படித்தான். நிர்வாகம் புதுக் கட்டடம், சிரித்த முகங்கள், ட்ரோன் காட்சி என்று கேட்கிறது. மாணவர்களோ கேமராவைப் பார்த்ததும் விறைத்துப்போகிறார்கள். படங்கள் தனித்துத் தெரியவும் வேண்டும், பொய்யாகவும் இருக்கக் கூடாது. எங்கிருந்து தொடங்குவது?"

வணக்கம். லோகோவை மறைத்துப் பார்த்தீர்கள் பாருங்கள், இந்த வேலையில் முதலில் செய்ய வேண்டியது அதுதான், பெரும்பாலானவர்கள் அதைச் செய்வதே இல்லை. நான் கல்லூரிகளுக்குப் படம் எடுக்க ஆரம்பித்துப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. அதில் முதல் ஐந்தாறு வருடம் உங்கள் மேசையில் கிடக்கிற அதே படங்களைத்தான் நானும் எடுத்துக் கொடுத்தேன், அதனால் அவை எப்படி உருவாகின்றன என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

காலையில் போய் இறங்கியதும் கையில் ஒரு பட்டியல் தருவார்கள். நூலகத்தில் மூன்று பேர், லேபில் சோதனைக் குழாயை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்கும் ஒருவர், புல்வெளியில் லேப்டாப்போடு நான்கு பேர், பட்டமளிப்புத் தொப்பியை வீசுவது, முகப்புக் கட்டடம். பார்க்க நன்றாக இருக்கிறார்கள் என்று துறைகளிலிருந்து எட்டுப் பேரைப் பொறுக்கி அனுப்பியிருப்பார்கள், அந்த எட்டுப் பேரே காலையில் விஞ்ஞானிகளாகவும் மதியம் விளையாட்டு வீரர்களாகவும் சாயங்காலம் நூலகத்தில் படிப்பவர்களாகவும் மாறுவார்கள். அப்புறம் நானூறு படம் ஒரு குழுவின் முன்னால் போகும். ஒருவர் சுவர் கறையாக இருக்கிறது என்பார், இன்னொருவர் இந்தப் பையன் சிரிக்கவில்லையே என்பார், மூன்றாமவருக்கு மேசை மேல் காகிதம் கலைந்து கிடப்பது பிடிக்காது. யாருமே குறை சொல்லாத முப்பது படம் கடைசியில் மிஞ்சும். எல்லாக் கல்லூரியிலும் இதே பட்டியல், இதே வடிகட்டி என்றால் மிஞ்சுவதும் ஒன்றாகத்தானே இருக்கும்? அமெரிக்காவில் சேர்க்கைத் துறைக்காரர்களே இந்தப் படங்களுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள், 'மூன்று பேரும் ஒரு மரமும்' என்று.

ஆகவே நல்ல கேமராவோ வித்தியாசமான கோணமோ இதைத் தீர்க்காது. பட்டியல் மாற வேண்டும். பட்டியலை யார் சொல்லக் கேட்டு எழுதுகிறோம் என்பதும் மாற வேண்டும்.

எனக்கு இது உறைத்தது ஒரு மாணவியால். ஒரு கல்லூரிக்கு எடுத்துக் கொடுத்த படங்களில் நான் மிகவும் பெருமைப்பட்டது ஒரு புல்வெளிப் படம். மாலை வெயில், மரநிழல், நான்கு பேர் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அதையே அட்டையில் போட்டார்கள். அடுத்த வருடம் வேறு வேலையாக அங்கே போனபோது முதலாண்டு மாணவி ஒருத்தி வந்து, அந்தப் படத்தை எடுத்தது நீங்கள்தானா என்று கேட்டாள். பாராட்டப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அந்த இடம் எங்கே என்று தேடித் தேடி முதல் வாரமே கண்டுபிடித்து, தோழிகளோடு போய் உட்கார்ந்திருக்கிறாள், ஐந்து நிமிடத்தில் காவலாளி வந்து எழுப்பிவிட்டாராம். அது நிர்வாகக் கட்டடத்துக்கு முன்னால் இருக்கும் புல்வெளி, மாணவர்களுக்கு அனுமதி இல்லை. படம் எடுத்த அன்று மட்டும் அனுமதி வாங்கியிருந்தோம், எனக்கும் அது தெரியும், அப்போது அது ஒரு பெரிய விஷயமாகவே படவில்லை. அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வீட்டில் எல்லாருக்கும் அந்தப் படத்தைக் காட்டி இந்தக் காலேஜ்தான் என்று சொல்லியிருந்தேன் என்று மட்டும் சொன்னாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு படத்துக்கும் நான் வைத்துக்கொண்ட அளவுகோல் இதுதான். பதினேழு வயசுப் பிள்ளை ஒன்று இதைப் பார்த்துவிட்டுச் சேரும், வந்து தேடும். தேடினால் கிடைக்குமா? கிடைக்கும் என்றால் படம் உண்மை. வேறு எந்தக் கல்லூரியில் தேடினாலும் கிடைக்காது, இங்கே மட்டும்தான் கிடைக்கும் என்றால் படம் தனித்தன்மையானது. நீங்கள் கேட்ட இரண்டும் தனித்தனியாகத் தெரிகிறதே தவிர, உண்மையான விஷயத்தைத் தேடிப் போனால் தனித்தன்மை பெரும்பாலும் அதோடு சேர்ந்தே வந்துவிடுகிறது.

சரி, தேடுவது எப்படி? கேமராவைத் தொடும் முன் இரண்டு கூட்டத்தாரிடம் பேசுங்கள். சேர்ந்து இரண்டு மூன்று மாதம் ஆன முதலாண்டு மாணவர்களிடம், இங்கே வந்த பிறகு உங்களை ஆச்சரியப்படுத்தியது எது, ப்ராஸ்பெக்டஸில் இல்லாமல் நீங்களாகக் கண்டுபிடித்தது எது என்று கேளுங்கள். படிப்பை முடிக்கப் போகிறவர்களிடம், இங்கிருந்து போன பிறகு எந்த இடம், எந்த நேரம் உங்களுக்கு நினைவு வரும் என்று கேளுங்கள். ஆன்லைனில் ஃபார்ம் அனுப்பிக் கேட்காதீர்கள், அதில் 'நண்பர்கள், இனிய நினைவுகள், ஆசிரியர்கள்' என்றுதான் பதில் வரும். ஐந்தாறு பேராக உட்காரவைத்துப் பேசவிடுங்கள். ஒருவர் நூலகம் என்றால் நூலகத்தில் எங்கே, எந்த மேசை, எத்தனை மணிக்கு, பக்கத்தில் யார் இருப்பார் என்று விடாமல் கேளுங்கள். ஒரு மணி நேரத்தில் உங்களுக்கு இருபது இடம் கிடைத்துவிடும், அதில் பாதி நிர்வாகத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது.

ஒரு கல்லூரியில் இப்படிக் கேட்டபோது வந்த பதில்களைச் சொல்கிறேன். இரண்டாவது மாடிப் படிக்கட்டின் திருப்பம், ஏனென்றால் இரண்டு துறைகளின் வகுப்பு ஒரே நேரத்தில் முடிவதால் அங்கேதான் ஒருவருக்காக ஒருவர் காத்து நிற்பார்கள். ப்ராஜெக்ட் சமர்ப்பிப்பதற்கு முந்தின நாள் ராத்திரி பிரிண்டர் முன்னால் நிற்கும் வரிசை. இயற்பியல் லேபில் சரியாக வேலை செய்யும் ஒரே அலைவுகாட்டி இருக்கும் மூன்றாவது மேசை, அதைப் பிடிக்க எல்லாரும் சீக்கிரம் வருவார்கள். அப்புறம் கணிதத் துறை நடைபாதையில் ஒரு பழைய கரும்பலகை. அதில் ஆசிரியர் யாராவது ஒரு கணக்கை எழுதிவிட்டுப் போவார், போகிறவர் வருகிறவர் ஒவ்வொரு வரியாகச் சேர்ப்பார்கள், சில கணக்கு வாரக்கணக்கில் நிற்கும். இந்தப் பலகையைப் பற்றி மட்டும் நான்கு பேர் தனித்தனியாகச் சொன்னார்கள்.

அதற்காக நான் நான்கு நாள் அந்த நடைபாதையில் நின்றேன். முதல் மூன்று நாளும் உருப்படியாக ஒன்றும் அமையவில்லை. நான்காவது நாள், இரண்டு வகுப்புக்கு நடுவில், ஒரு தோளில் பையோடு வந்த பையன் ஒருவன் நடையை நிறுத்தி, பலகையைப் பார்த்து, நகர்ந்து, திரும்பி வந்து, பையைக் கீழே போட்டுவிட்டு சாக்பீஸை எடுத்தான். பின்னாலிருந்து எடுத்த படம் அது, முகமே தெரியாது. குழுவில் எதிர்ப்பு வந்தது, முகம் இல்லை, சுவரில் பெயின்ட் உரிந்திருக்கிறது, எந்தத் துறை என்றே புரியவில்லை என்றார்கள். கடைசியில் உள்பக்கத்தில் போடச் சம்மதித்தார்கள். அடுத்த வருடம் சேர்ந்த பிள்ளைகளில் சிலர் முதல் நாளே அந்தப் பலகை எங்கே என்று விசாரித்து வந்ததாகத் துறைத்தலைவர் என்னிடம் சொன்னார். அவர்கள் தேடி வந்தார்கள், பலகை அங்கே இருந்தது, அன்றைக்கு அதில் வேறு ஒரு கணக்கு இருந்தது.

மாணவர்களோடு நிறுத்திக்கொள்ளாமல் நூலகர், லேப் உதவியாளர், துப்புரவுப் பணியாளர், இரவுக் காவலாளி ஆகியோரிடமும் பேசுங்கள். எந்த இடம் எந்த நேரத்தில் நிரம்பும், தேர்வு வாரத்தில் எந்த விளக்கு அணையாமல் எரியும், மழை வந்தால் எல்லாரும் எந்த வராந்தாவில் ஒதுங்குவார்கள் என்பதெல்லாம் முதல்வரைவிட அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். நான் இதைச் சும்மா மரியாதைக்காகச் சொல்லவில்லை, என்னுடைய நல்ல படங்களில் பாதி அவர்கள் சொன்ன நேரத்துக்குப் போய் நின்றதால் கிடைத்தவை.

இனி உங்கள் இரண்டு நாள். அதை அடுத்தடுத்த இரண்டு நாளாக மட்டும் செலவழித்துவிடாதீர்கள். ஒப்பந்தம் போடும்போதே மொத்தம் பதினாறு மணி நேரம், எட்டுத் தடவையாக, ஒரு பருவம் முழுக்கப் பரவியது என்று பேசுங்கள். வந்துபோகிற செலவைக் கணக்குப் பார்த்துப் புகைப்படக்காரர் கொஞ்சம் கூடக் கேட்கலாம், அதற்குத் தக்கபடி மணி நேரத்தைக் குறைத்துக்கொண்டாலும் நஷ்டமில்லை. இரண்டு நாளில் உங்களுக்குக் கிடைப்பது ஒரே வானிலை, ஒரே மனநிலை, ஒரே எட்டுப் பேர். எட்டுத் தடவை என்றால் சேர்க்கை முடிந்த முதல் வாரத்தின் தடுமாற்றம், பருவத்தின் நடுவில் வரும் சோர்வு, தேர்வுக்கு முந்தைய இரவு, விளையாட்டுப் போட்டியில் தோற்றுவிட்டு உட்கார்ந்திருக்கும் அணி, மழை நாள், ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டல் என்று எல்லாம் கிடைக்கும். அதைவிட முக்கியம், மூன்றாவது தடவை வரும்போது அந்த ஆளை எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

மாணவர்கள் விறைத்துப்போவதற்கு மருந்தும் அதுதான். 1948-ல் அமெரிக்காவின் லைஃப் இதழுக்காகப் புகைப்படக்காரர் யூஜின் ஸ்மித் ஒரு கிராமப்புற மருத்துவரைப் படம் எடுக்கப் போனபோது 23 நாள் அவர் கூடவே இருந்தார், ஆரம்பத்தில் கேமராவில் ஃபிலிமே போடாமல்தான் படம் எடுப்பதுபோல் நடந்துகொண்டார், மருத்துவருக்கு அது பழகிப்போகட்டும் என்று. உங்களால் 23 நாள் முடியாது, ஆனால் ஒவ்வொரு தடவையும் முதல் அரை மணி நேரத்தைக் கணக்கில் இல்லை என்று விட்டுவிடலாம். அந்த நேரத்தில் எடுக்கும் படங்களில் எல்லாரும் முதுகை நிமிர்த்தி, தலையைச் சரிசெய்து, போனை மறைத்து வைத்திருப்பார்கள். அரை மணி கழித்து அவர்கள் பாட்டுக்கு வேலையைப் பார்ப்பார்கள்.

சிரிக்கச் சொல்ல வேண்டாம். கேமராவைப் பார்க்காதீர்கள் என்றும் சொல்ல வேண்டாம், அப்படிச் சொன்னால் அதன் பிறகு கேமராவைத் தவிர வேறு நினைப்பே இருக்காது. நிஜமான வேலை நடக்கிற இடத்துக்குப் போங்கள். பிரெட்போர்டில் சர்க்யூட் வேலை செய்யவில்லை, ஒத்திகையில் ஒரு வசனம் நிற்கவில்லை, பத்து நிமிடத்தில் குழுவாக ஏதோ சமர்ப்பிக்க வேண்டும், இப்படி கையும் மூளையும் ஓடிக்கொண்டிருக்கும்போது யாருக்கும் போஸ் கொடுக்க நேரம் இருக்காது. நெற்றியைச் சுருக்குவது, உதட்டைக் கடிப்பது, நண்பனின் நோட்டை எட்டிப் பார்ப்பது எல்லாம் அப்போது தானாக வரும். படிப்பு என்றால் பெரும்பாலான நேரம் அந்த முகம்தானே? எல்லாப் பக்கத்திலும் சிரிப்பாகவே இருக்கும் ப்ராஸ்பெக்டஸை விடலைப் பிள்ளைகள் விளம்பரம் என்று அடையாளம் கண்டு கடந்துபோய்விடுகிறார்கள். வாரம் ஒரு தடவையாவது தலையைப் பிடித்துக்கொண்டு உட்காராத மாணவன் எந்தக் கல்லூரியில் இருக்கிறான்?

புகைப்படக்காரரிடம் சொல்ல வேண்டிய தொழில் விஷயம் கொஞ்சம். தூரத்தில் நின்று பெரிய ஜூமில் எடுத்தால் ஒளிந்து பார்ப்பதுபோல் இருக்கும், 35 மிமீ லென்ஸோடு கிட்டத்தில் போய் நிற்கட்டும், பார்க்கிறவருக்குத் தானும் அந்த மேசையில் உட்கார்ந்திருப்பதுபோல் தோன்றும். வகுப்பறையில் ஃபிளாஷ் அடித்தால் மொத்தப் பேரும் திரும்புவார்கள், எனவே கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை 3200, 6400 என்று தாராளமாக ஏற்றிக்கொள்ளலாம், அதனால் படத்தில் வரும் புள்ளிப் புள்ளியான சொரசொரப்பு இன்றைய கேமராக்களில் ஒரு பொருட்டே இல்லை. சத்தம் வராத மின்னணு ஷட்டர் மிகவும் உதவும், ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் குழல்விளக்கும் பல எல்இடி விளக்குகளும் வினாடிக்கு 100 முறை மினுங்கும், 60 ஹெர்ட்ஸ் என்றால் 120 முறை. வேகமான ஷட்டர் வைத்தால் படத்தில் இருட்டுப் பட்டைகள் குறுக்கே விழும். 50 ஹெர்ட்ஸுக்கு 1/100 அல்லது 1/50 வினாடி, 60 ஹெர்ட்ஸுக்கு 1/125 அல்லது 1/60 வினாடி வைத்தால் அந்தத் தொல்லை பெருமளவு போய்விடும். ஜன்னல் பக்கம் நீலமாகவும் விளக்குப் பக்கம் மஞ்சளாகவும் பச்சையாகவும் தெரிகிறதே என்று பதற வேண்டாம், ரா கோப்பாக (கேமரா பதிவுசெய்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுத்துக்கொண்டு முகத்தின் நிறத்தை மட்டும் சரிசெய்தால் போதும். மொத்தத்தையும் துடைத்து வெள்ளையாக்கிவிட்டால் அந்த அறை அந்த அறையாக இருக்காது.

ஹாஸ்டல் அறைக்கும் லேபுக்கும் அகலக் கோண லென்ஸ் வேண்டாம் என்று கட்டாயமாகச் சொல்லிவிடுங்கள். ஃபுல் ஃப்ரேம் (35 மிமீ ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) கேமராவில் 16 மிமீ லென்ஸ் பக்கவாட்டில் சுமார் 97 பாகை பார்க்கும், 35 மிமீ லென்ஸ் சுமார் 54 பாகைதான். பத்தடி அறையை முதலாவது லென்ஸ் கூடம்போல் காட்டிவிடும். பெட்டியோடு வந்து கதவைத் திறக்கும் முதல் நாளில் அந்தப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் வரும் ஏமாற்றம் சின்னது இல்லை, அதன் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் அவர்கள் அரை நம்பிக்கையோடுதான் கேட்பார்கள். அறை சின்னது என்றால் சின்னதாகவே காட்டி, அதில் இரண்டு பேர் எப்படி இடம் பிரித்துக்கொண்டு வாழ்கிறார்கள் என்பதை எடுங்கள். பெரிதாகக் காட்டிய காலி அறையைவிட அது நூறு மடங்கு நல்ல படம்.

பொய் எங்கே ஆரம்பிக்கிறது என்பதை யோசித்து ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். வழியில் கிடக்கும் பையை நகர்த்துவதை நான் பொய்யாக நினைப்பதில்லை. இப்போது செய்ததை இன்னொரு தடவை செய்யுங்கள் என்று கேட்பதில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு, தவிர்க்க முடியாதபோது மட்டும் கேட்பேன். வணிகவியல் மாணவிக்கு வெள்ளைக் கோட்டு மாட்டி நுண்ணோக்கி முன்னால் நிறுத்துவது பொய், சந்தேகமே இல்லை. குழப்பம் வந்தால், படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதிப் பாருங்கள்: யார், எந்தத் துறை, எந்த இடம், என்ன செய்துகொண்டிருக்கிறார்கள், எந்த மாதம். உள்ளதை உள்ளபடி அந்த வரியில் எழுத முடியவில்லை என்றால் அந்தப் படத்தை நீக்கிவிடுங்கள். முடிந்தால் அந்த வரியை அச்சிலும் போடுங்கள். 'மூன்றாமாண்டு மாணவிகள், பாலம் மாதிரியை உடைக்கும் சோதனைக்கு முன்' என்று எழுதினால் படிக்கிறவர் நின்று பார்ப்பார், 'துடிப்பான வளாக வாழ்க்கை' என்று எழுதினால் யார் நிற்பார்கள்?

யாரைக் காட்டுகிறோம் என்ற விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 2000-ம் ஆண்டு அமெரிக்காவின் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகம் தன் விண்ணப்பக் கையேட்டின் அட்டையில் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் பார்க்கும் மாணவர் கூட்டத்தின் படத்தைப் போட்டது. 1993-ல் எடுத்த அந்தப் படத்தில் இருந்தவர்கள் எல்லாரும் வெள்ளையர்கள் என்பதால், வேறொரு படத்திலிருந்து ஒரு கறுப்பின மாணவரின் முகத்தை வெட்டி அதில் ஒட்டிவிட்டார்கள். ஒரு லட்சத்துக்கும் மேல் அச்சான பிறகு மாணவர் பத்திரிகை அதை வெளிக்கொண்டுவந்தது, பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டு வேறு அட்டையோடு மறுபடி அச்சடிக்க வேண்டியதாயிற்று. அந்த மாணவரோ அந்த ஆட்டங்களுக்கே போனதில்லை. இவ்வளவு அப்பட்டமாக இன்று யாரும் செய்வதில்லை என்று நினைக்கலாம், ஆனால் ஒட்டுவேலை இல்லாமலே தேர்வு செய்வதில் இதே தவறு நடக்கிறது. 165 அமெரிக்கக் கல்லூரிகளின் கையேடுகளை எண்ணிப் பார்த்து 2013-ல் வந்த ஓர் ஆய்வில், கறுப்பின மாணவர்கள் அங்கே படித்தவர்களில் சுமார் 8 சதவீதம், கையேட்டுப் படங்களில் 12 சதவீதத்துக்கு மேல் என்று தெரிந்தது. படத்தில் தன்னைப்போல் பலர் இருப்பதைப் பார்த்து நம்பி வந்து, வகுப்பில் தான் மட்டும் தனியாக உட்காரும் பிள்ளையின் நிலையை நினைத்துப் பாருங்கள். பெண்கள், உடல் ஊனமுள்ளவர்கள், வயது கூடிய பிறகு படிக்க வந்தவர்கள், எந்தப் பிரிவானாலும் இது பொருந்தும். தேர்ந்தெடுத்த முப்பது நாற்பது படத்தையும் தரையில் பரப்பி, தலைகளை எண்ணி, உங்கள் சேர்க்கைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு துறையில் பெண்கள் பத்தில் ஒருவர் என்றால் அந்தத் துறைப் படங்களில் சரிபாதியாகக் காட்டுவது நியாயமில்லை. அந்த ஒருத்தி அங்கே என்ன செய்கிறாள் என்பதை நேர்மையாக, ஆழமாகக் காட்டுங்கள், அது வேண்டும்.

நிர்வாகத்தைச் சமாளிப்பது பற்றி. அவர்கள் கேட்பதை மறுக்காதீர்கள், எடுத்துக் கொடுங்கள். புதுக் கட்டடத்துக்குப் பணம் திரட்டி, அனுமதி வாங்கி, கட்டி முடித்தவர்கள் அதைக் காட்ட ஆசைப்படுவது இயல்புதான், அந்தக் கட்டடத்தில் ஆட்கள் புழங்கும் நேரத்தில் எடுத்தால் அதுவும் நல்ல படமாகலாம். ட்ரோனில் ஒன்று போதும். பறக்கவிட அனுமதி வேண்டும், ஆட்கள் தலைக்கு மேல் ஓட்டக் கூடாது, அவ்வளவுக்கும் பிறகு மேலிருந்து பார்த்தால் எல்லா வளாகமும் கூரையும் மரமுமாகத்தான் தெரியும், உள்ளே நடக்கிற எதுவும் தெரியாது. இதையெல்லாம் கூட்டத்தில் வாதாடி ஜெயிக்க முடியாது, நான் முயன்று தோற்றிருக்கிறேன். அதற்குப் பதில் நீங்கள் மேசையில் செய்ததையே அவர்கள் முன்னால் செய்யுங்கள். வழக்கமான பாணியில் பத்து, புதிய பட்டியலிலிருந்து பத்து, மற்ற கல்லூரிகளின் படம் பத்து, மூன்றையும் லோகோ இல்லாமல் கலந்து பத்துப் பன்னிரண்டு முதலாண்டு மாணவர்களிடம் கொடுத்து, எதெல்லாம் நம் கல்லூரி என்று பொறுக்கச் சொல்லுங்கள். அவர்கள் எதைச் சரியாகப் பொறுக்குகிறார்கள், எதில் தடுமாறுகிறார்கள் என்பதை முதல்வர் உட்கார்ந்து ஒரு தடவை பார்க்கட்டும். நான் இதைச் செய்துகாட்டிய இரண்டு இடத்திலும் அதன் பிறகு பேச்சு சுலபமாகிவிட்டது.

அனுமதி விஷயத்தில் சோம்பல் கூடவே கூடாது. படத்தில் அடையாளம் தெரிகிற ஒவ்வொருவரிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள், எதற்கு, எங்கெல்லாம், எத்தனை வருடம் பயன்படுத்துவோம் என்று அதில் தெளிவாக இருக்கட்டும், பதினெட்டு வயது ஆகாதவர் என்றால் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும். சேரும்போது நீட்டும் படிவக் கட்டில் பத்தாவது பக்கத்தில் ஒரு வரியைச் செருகிவிட்டு ஒப்புதல் வாங்கியாச்சு என்று சொல்வது எனக்குப் பிடிக்காது. எடுத்த படத்தை அவர்களிடம் காட்டுங்கள். ஒருவர் பின்னால் வந்து வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் இணையதளத்திலிருந்து எடுத்துவிடுங்கள். படிப்பைப் பாதியில் விட்டவர், இங்கே ஏதோ மனக்கசப்போடு போனவர், அவர் முகம் இன்னும் உங்கள் முகப்புப் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தால் அவருக்கு எப்படி இருக்கும்? ஒவ்வொரு படத்துக்கும் பெயர், துறை, தேதியை ஐபிடிசி விவரமாக (படக் கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கும் குறிப்பு) பதித்து வையுங்கள், உங்களுக்கு அடுத்து அந்த நாற்காலியில் உட்காருபவர் நன்றி சொல்வார். படத்தில் இருக்கும் கடைசி ஆளும் படிப்பை முடித்துப் போய்விட்டால் அந்தப் படத்துக்கும் ஓய்வு கொடுத்துவிடுங்கள்.

செயற்கை நுண்ணறிவில் உருவாக்கிய மாணவர்களைப் போட்டால் என்ன என்று யாராவது இந்த வருடம் கேட்கத்தான் போகிறார்கள். வேண்டாம். வந்து தேடினால் அப்படி ஓர் ஆளே கிடையாது. நிஜப் படத்திலேயே வானத்தை மாற்றுவது, காலி இருக்கைகளை நிரப்புவது, சுவரை நீட்டுவது எல்லாம் இப்போது ஒரு பொத்தானில் நடந்துவிடுவதால், வெளிச்சமும் நிறமும் சரிசெய்வதைத் தவிர வேறு எந்த மாற்றமும் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வடிவமைப்பாளருக்காக ஒரே ஒரு விஷயம்: ஒவ்வொரு நல்ல தருணத்தையும் படுக்கை, நிமிர்த்தி என்று இரண்டு விதமாகவும் எடுக்கச் சொல்லுங்கள், போனில் பார்ப்பவர்களுக்கு நிமிர்ந்த படம் வேண்டும், இணையதள முகப்புக்கு ஒரு பக்கம் காலியாக விட்ட அகலமான படம் வேண்டும். ஏ4 பக்கம் முழுக்க அச்சடிக்க 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் 2480-க்கு 3508 பிக்சல் தேவைப்படும் என்பதால், கண்டபடி வெட்டி எடுக்கலாம் என்று நம்பியிருக்க வேண்டாம்.

உங்கள் கல்லூரியிலேயே புகைப்படக் கிளப் இருந்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர்களுக்கு உரிய பணமும் படத்துக்குக் கீழே பெயரும் கொடுத்து. ராத்திரி பதினொரு மணிக்கு ஹாஸ்டல் மாடியில் என்ன நடக்கிறது என்பதை வெளியிலிருந்து வருபவரால் எடுக்கவே முடியாது, அந்த மாடியில் இருக்கிறவர் போனில் எடுத்தாலும் அது நல்ல படம்தான்.

புகைப்படக்காரரை அழைக்கும் முன் இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் முதலாண்டு மாணவர்களோடும் படிப்பை முடிக்கப் போகிறவர்களோடும் நான் சொன்ன அந்தக் கேள்விகளை வைத்து உட்காருங்கள், இரண்டாவது வாரம் அவர்கள் சொன்ன இடங்களுக்கு, சொன்ன நேரத்துக்கு, கேமரா இல்லாமல் ஒரு நோட்டோடு போய் நின்று பாருங்கள். அந்த நோட்டில் உங்களுக்குச் சேரும் பட்டியலை எனக்கு அனுப்பினால், எதை எந்தத் தடவை எடுக்கலாம் என்று பிரித்து எழுதி அனுப்புகிறேன்.